பதில் வராத மனுக்கள்

ஐயா, வணக்கம்.

கல்லூரியில் வரலாறு படிக்கிறேன். அமெரிக்க விடுதலைப் போரைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். படிக்கப் படிக்கச் சலிப்பாக இருக்கிறது. ஒரு பவுண்டு தேயிலைக்கு வெறும் மூன்று பென்னி வரி. இதற்காகவா ஒரு பேரரசை எதிர்த்துத் துப்பாக்கி எடுத்தார்கள்? பணக்கார வியாபாரிகளின் சண்டைக்குப் பிற்பாடு சுதந்திரம் என்று பெயர் வைத்துவிட்டார்களோ? குறை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் எந்த இடத்தில் விடுதலை கேட்பவர்களாக மாறினார்கள்? பாஸ்டனில் கடலில் கொட்டியது நம் நாட்டுத் தேயிலைதான் என்கிறான் நண்பன். உண்மையா?

க.

அன்புள்ள க.,

தேயிலையை முதலில் முடித்துவிடுகிறேன். 1773 டிசம்பர் 16 இரவு கடலில் விழுந்த 342 பெட்டிகளிலும் இருந்தது சீனத் தேயிலை. அனுப்பியது கிழக்கிந்தியக் கம்பெனி என்பதால் உங்கள் நண்பர் குழம்பியிருப்பார். அசாமில் தேயிலைத் தோட்டம் வந்ததெல்லாம் அடுத்த நூற்றாண்டில். வியாபாரிகள் இருந்தார்களா என்றால், இருந்தார்கள். கள்ளக்கடத்தலில் பணம் பார்த்தவர்களும் இருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வியாபாரச் சண்டை என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் அந்த "வெறும்" என்ற சொல்லை என்னால் விட முடியவில்லை. வரலாறு படிக்கிற பிள்ளை பாதிக்கப்பட்டவனின் பட்டியலைக் கூட்டிப் பார்த்து, தொகை குறைவு என்று உதடு பிதுக்கலாமா? லண்டனில் இருந்த மந்திரிகளும் இதே கணக்கைத்தான் போட்டார்கள். 1773-இல் அவர்கள் கொண்டுவந்த சட்டத்தால் தேயிலை விலை இறங்கத்தான் செய்தது. மலிவான தேயிலையைத்தான் பாஸ்டன்காரர்கள் கடலில் கொட்டினார்கள். அதை வாங்கினால், எங்கள் ஆள் ஒருவர்கூட உட்காராத சபைக்கு எங்கள்மேல் வரி போட உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதுதான் அவர்கள் வாதம். 1766-இல் முத்திரைத்தாள் வரியை ரத்து செய்த அதே நாளில், அமெரிக்காவில் இருந்த பிரிட்டிஷ் குடியேற்றங்களை எந்த விஷயத்திலும் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்ற எங்களுக்கு அதிகாரம் உண்டு என்று இன்னொரு சட்டத்தையும் நாடாளுமன்றம் நிறைவேற்றியிருந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எப்போது வேண்டுமானாலும் எடுப்பேன் என்று சொன்ன மாதிரி.

உங்கள் கடிதம் வந்தபோது நான் அப்பாவின் டிரங்குப் பெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊரில் எழுதத் தெரியாதவர்களுக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தவர் அவர். வாய்க்காலுக்கு ஒரு நடைபாலம் கேட்டு அவரே எழுதிய மனுக்களின் கார்பன் நகல்கள் ஒரு கட்டாகக் கிடைத்தன. மனுவில் "பார்வை" என்று ஒரு பகுதி வரும், முன்பு அனுப்பிய கடிதங்களின் தேதியை வரிசையாக எழுதுவார்கள். முதல் மனுவில் பார்வை இல்லை. இரண்டாவதில் ஒரு வரி. ஏழாவது மனுவில் பார்வை பாதிப் பக்கத்தைப் பிடித்துவிட்டது, கோரிக்கை நான்கே வரி. முதல் மனுவில் இருந்த "பணிந்து சமர்ப்பிக்கும்" ஐந்தாவதில் காணாமல் போயிருந்தது. கடைசித் தாளைப் பார்த்து நான் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். பெறுநர் என்ற இடத்தில் அதிகாரியின் பதவி இல்லை. "ஊர்ப் பொதுமக்கள் அனைவருக்கும்" என்று எழுதியிருந்தார்.

நீங்கள் கேட்ட "எந்த இடத்தில்" என்பது எனக்கு அந்தத் தாளில்தான் தெரிந்தது.

அமெரிக்கக் கதையிலும் பார்வை நீண்டுகொண்டே போகிறது. 1765-இல் முத்திரைத்தாள் மசோதாவுக்கு எதிராகக் குடியேற்றங்கள் அனுப்பிய மனுக்களை பிரிட்டிஷ் மக்களவை வாங்கவே இல்லை. வரி மசோதாவை எதிர்க்கும் மனுவை ஏற்பதில்லை என்பது அவர்கள் மரபாம். அந்த அக்டோபரில் ஒன்பது குடியேற்றங்களின் பிரதிநிதிகள் நியூயார்க்கில் கூடி மறுபடி எழுதினார்கள். மசாசூசெட்ஸ் சட்டமன்றம் தன் ஆளுநர் ஹட்சின்சனை நீக்கக் கேட்டு அனுப்பிய மனு 1774 ஜனவரி 29 அன்று லண்டனில் மன்னரின் ஆலோசனை சபையான பிரிவி கவுன்சில் முன் வந்தது. மனுவின் சார்பில் நின்ற பெஞ்சமின் பிராங்க்ளினுக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. அரசு வழக்கறிஞர் வெடர்பர்ன் ஒரு மணி நேரம் போல அவரைத் திருடன் என்கிற தொனியில் ஏசினார். கூடியிருந்த பிரபுக்கள் சிரித்தார்கள். பிராங்க்ளின் முகத்தில் ஒன்றும் காட்டாமல் நின்றார். பேரரசு உடையாமல் இருக்க வேண்டும் என்று அதுவரை பாடுபட்டவர் அவர்!

அதற்குப் பிறகும் எழுதினார்கள் என்பதுதான் என்னை உலுக்குகிறது. 1775 ஏப்ரலில் லெக்சிங்டனில் ரத்தம் சிந்திவிட்டது, ஜூனில் பங்கர் ஹில் சண்டை முடிந்துவிட்டது. ஜூலை 8 அன்று குடியேற்றங்களின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் மன்னருக்கு இன்னொரு மனுவில் கையெழுத்திட்டார்கள். எழுதியவர் ஜான் டிக்கின்சன். அதில் கொஞ்சமும் நம்பிக்கை இல்லாத ஜான் ஆடம்ஸும் கையெழுத்திட்டார். மன்னர் அதைப் பெற மறுத்தார். ஆகஸ்ட் 23 அன்று குடியேற்றங்கள் கலகத்தில் இறங்கிவிட்டதாகப் பிரகடனம் வந்தது. மனுவைக் கொண்டுபோனவர்களுக்குக் கிடைத்த விளக்கம், மன்னர் அதை அரியணையில் அமர்ந்து வாங்கவில்லை, ஆகவே பதில் கிடையாது என்பது.

இப்போது 1776-இன் விடுதலைப் பிரகடனத்தை எடுத்துப் படியுங்கள். எல்லாரும் மனப்பாடம் செய்யும் முதல் வரிகளைத் தாண்டிப் போங்கள். மன்னர்மேல் 27 குற்றச்சாட்டுகள். முடிவில், மிகப் பணிவான சொற்களில் மனு கொடுத்தோம், திரும்பத் திரும்பக் கொடுத்த மனுக்களுக்குத் திரும்பத் திரும்பத் தீங்கே பதிலாக வந்தது என்று ஒரு வாக்கியம். அது முழுக்கப் பார்வைதான். பெறுநர் மட்டும் மாறியிருக்கிறார். நடுநிலையான உலகத்தின் முன் உண்மைகளை வைக்கிறோம் என்கிறார்கள்.

ஆனால் அவர்களைக் கும்பிட்டு நிறுத்திவிடாதீர்கள், உங்கள் வயதில் நான் அதைத்தான் செய்தேன். 1777 ஜனவரியில் அதே மசாசூசெட்ஸ் சட்டமன்றத்துக்கு ஒரு மனு வந்தது. அடிமைகளுக்கு விடுதலை கேட்டுப் பிரின்ஸ் ஹால் முதலிய கறுப்பினத்தவர் கொடுத்தது. மனுவுக்கு மேல் மனு கொடுத்து நெடுங்காலம் பொறுமையாகக் காத்திருந்தோம் என்று எழுதியிருந்தார்கள். இங்கிலாந்தோடு நடக்கும் சண்டையில் நீங்கள் சொல்லும் ஒவ்வொரு நியாயமும் ஆயிரம் வாதங்களைவிட வலுவாக எங்களுக்காகப் பேசுகிறதே, அது உங்களுக்குத் தோன்றவில்லையா என்றும் கேட்டிருந்தார்கள். சட்டமன்றம் அடிமைமுறையை ஒழித்துச் சட்டம் போடவில்லை. 1780-களில் நீதிமன்றத் தீர்ப்புகளால்தான் அங்கே அது முடிவுக்கு வந்தது. மனுக் கொடுக்கும் உரிமையைத் தன் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்துக்கொண்ட நாடு அமெரிக்கா. அதன் பிரதிநிதிகள் சபை 1836 முதல் 1844 வரை, அடிமைமுறையை ஒழிக்கக் கேட்டு வந்த மனுக்களைப் பேசவே விடாமல் ஒதுக்கி வைத்தது.

கட்டுரையில் அந்த "வெறும்" என்ற சொல்லை அடித்துவிடுங்கள். 1775 ஜூலை மனுவையும் 1777 ஜனவரி மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிதானமாகப் படியுங்கள். படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள், நான் பதில் போடுவேன்.