பொறியியல் படித்த மகள் சுங்க வகைப்பாட்டு வேலைக்குப் போகலாமா?

அன்புள்ள அம்மா,

வேளாண் பொறியியல் முடித்த உங்கள் மகளுக்கு, விவசாய இயந்திர உதிரிபாகங்களை இறக்குமதி செய்யும் நிறுவனம் ஒன்றின் சுங்க வகைப்பாட்டுப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. அவள் சேர விரும்புகிறாள். உங்களுக்கோ மனம் ஒப்பவில்லை. "நான்கு வருடம் இயந்திரங்களைப் படித்தவளை எண்களைத் தட்டச்சு செய்ய அனுப்புவதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாராளமாக அனுப்புங்கள். அவள் படித்த படிப்பு தினமும் பயன்படும் வேலை அது. ஏன் என்று விளக்குகிறேன்.

ஒரு நாட்டுக்குள் வரும் எந்தச் சரக்குக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. அந்த எண் எது என்று முடிவு செய்வதுதான் சுங்க வகைப்பாடு. பிரஸ்ஸல்ஸில் உள்ள உலக சுங்க அமைப்பு பராமரிக்கும் எச்.எஸ். (Harmonized System) என்ற பொருள் பட்டியல் முறைப்படி அந்த எண் அமைகிறது. 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்த முறையை இன்று 200க்கும் மேற்பட்ட நாடுகளும் பொருளாதாரப் பகுதிகளும் பின்பற்றுகின்றன. முதல் ஆறு இலக்கங்கள் எல்லா இடத்திலும் ஒன்றுதான்: முதல் இரண்டு இலக்கம் அத்தியாயம், நான்கு இலக்கம் தலைப்பு, ஆறு இலக்கம் துணைத்தலைப்பு. அதற்கு மேல் ஒவ்வொரு நாடும் தன் தேவைக்கேற்ப இலக்கங்களைச் சேர்த்து, எட்டாகவோ பத்தாகவோ நீட்டிக்கொள்கிறது. எவ்வளவு வரி, சலுகை உண்டா, முன் அனுமதி வேண்டுமா என்பதெல்லாம் அந்த எண்ணைப் பொறுத்தே முடிவாகும். எண் தவறினால் வரி பாக்கி, அபராதம், துறைமுகத்தில் தேங்கும் சரக்கு என்று சிக்கல்கள் வரிசையாக வரும். அறுவடைக் காலத்தில் ஓர் உதிரிபாகம் பத்து நாள் தாமதமானால், அதற்காகக் காத்திருக்கும் விவசாயியின் கதிர் வயலிலேயே உதிர்ந்துபோகும்.

இப்போது உங்கள் மகள் செய்யப்போகும் வேலையைப் பார்ப்போம். அறுவடை இயந்திரத்துக்கான உதிரிபாகங்கள் ஒரு பெட்டியில் வந்து இறங்குகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாமே அறுவடை இயந்திரத்துக்குத்தானே, ஒரே எண்ணில் போட்டுவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அறுவடை, கதிரடிப்பு இயந்திரங்களுக்கான தலைப்பு 8433. அதன் பாகங்களுக்கு 8433.90 என்ற துணைத்தலைப்பும் இருக்கிறது. கதிரடிக்கும் உருளையை வெளியே எடுத்தால் அது நேராக அங்கே போகும். ஆனால் அதே பெட்டியில் இருக்கும் பேரிங் 8482க்குப் போகும். இயந்திரங்களுக்கான பதினாறாம் பிரிவின் இரண்டாம் குறிப்பு இதைத் தெளிவாகச் சொல்கிறது: 84, 85 ஆகிய அத்தியாயங்களில் தனக்கென்று ஒரு தலைப்பு உள்ள பொருள், சில விலக்குகள் தவிர, எந்த இயந்திரத்தில் பொருத்தப்பட்டாலும் தன் தலைப்பிலேயே இருக்க வேண்டும். ஹைட்ராலிக் சிலிண்டர் 8412க்கும், டீசல் என்ஜின் 8408க்கும் போவது இதனால்தான். அந்த என்ஜினின் பிஸ்டனோ என்ஜின் பாகங்களுக்கான 8409க்குப் போகும். வல்கனைஸ் செய்த ரப்பரில் ஆன வி-பெல்ட்டோ இயந்திர அத்தியாயத்தையே விட்டு வெளியேறி, ரப்பர் பொருள்களுக்கான 4010இல் சேர்ந்துவிடும். எஃகு போல்ட் 7318, ரோலர் சங்கிலி 7315. அந்தச் சங்கிலியில் தானியத்தை மேலே தள்ளும் துடுப்புகள் பொருத்தப்பட்டிருந்தால் என்ன செய்வது? விவாதம் அங்கே தொடங்கும். இன்னும் அது பொதுப் பயன்பாட்டுச் சங்கிலிதானா, அல்லது அந்த இயந்திரத்துக்கென்றே உருவான பாகமா என்று வரைபடத்தை வைத்துக்கொண்டு வாதிட வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு கத்திகள். அறுவடை இயந்திரத்தின் வெட்டுப் பட்டையில் இருக்கும் முக்கோணக் கத்தித் துண்டு, இயந்திரங்களுக்கான கத்திகள் அடங்கும் 8208க்குப் போகிறது. விவசாய இயந்திரக் கத்திகளுக்கென்றே அங்கே 8208.40 இருக்கிறது. கலப்பையின் வட்டத் தகடும் கூர்மையான எஃகுதான், அதுவும் வெட்டத்தான் செய்கிறது. ஆனால் அது 8208இல் சேராது; மண்ணைப் பண்படுத்தும் கருவிகளின் தலைப்பான 8432இல்தான் சேரும். விலைப்பட்டியலில் இரண்டுக்கும் "எஃகு பிளேடு" என்று ஒரே பெயர் எழுதப்பட்டிருக்கலாம். ஒன்று பயிரை அறுக்கிறது, மற்றொன்று மண்ணைப் பிளக்கிறது என்பது வயலில் இயந்திரம் ஓடுவதைப் பார்த்தவருக்குத்தான் சட்டென்று விளங்கும். நான்கு வருடம் அவள் படித்தது அங்கேதான் கைகொடுக்கும்.

டிராக்டர் விஷயமும் அப்படியே. டிராக்டர் 8701, அதற்கே உரிய பாகங்கள் பெரும்பாலும் 8708. ஆனால் டிராக்டரில் மாட்டியே வந்து இறங்கினாலும், கழற்றி மாற்றக்கூடிய கலப்பை தன் சொந்தத் தலைப்பில்தான் இருக்கும் என்கிறது 87ஆம் அத்தியாயத்தின் குறிப்பு. இதற்கு நேர்மாறாக, ஒரு முழு அறுவடை இயந்திரத்தைப் பிரித்துத் துண்டுகளாக ஒரே சரக்காக அனுப்பினால், எச்.எஸ். முறையின் பொது விளக்க விதி 2(அ)வின்படி அதை முழு இயந்திரமாகவே கருத வேண்டும். இந்தப் பொது விளக்க விதிகள் மொத்தம் ஆறே ஆறு. வாசித்து முடிக்க ஒரு மணி நேரம் போதும். சரியாகப் பயன்படுத்தப் பழக வருடங்கள் ஆகும்.

இனி நீங்கள் எழுப்பிய மற்றொரு பயத்துக்கு வருகிறேன். "இதையெல்லாம் நாளைக்குக் கணினியே செய்துவிடாதா?" பொருள் விவரத்தைக் கொடுத்தால் குறியீட்டைப் பரிந்துரைக்கும் மென்பொருள்கள் இப்போதே இருக்கின்றன. எளிய பொருள்களுக்கு அவை உதவுகின்றன என்பதையும் மறுக்க மாட்டேன். எண்ணைத் தேடி நிரப்புவதோடு நின்றுவிடுபவரின் வேலைக்கு ஆபத்து உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் "எஃகு பிளேடு" என்ற இரண்டு சொற்களைப் பெற்றுக்கொண்ட மென்பொருளுக்கு அது எந்த பிளேடு என்று யார் சொல்வது? என்ன கேள்வி கேட்க வேண்டும் என்று தெரிந்தவர், சுங்க அதிகாரியின் எதிரே உட்கார்ந்து காரணத்தை எழுத்தில் நிலைநாட்டத் தெரிந்தவர், அவருக்கு வேலை இருக்கும். பட்டியலும் மாறிக்கொண்டே இருக்கிறது. 2022 பதிப்பில் ஆளில்லா விமானங்களுக்கு 8806 என்ற தனித் தலைப்பு வந்தது. அடுத்த பதிப்பு 2028 ஜனவரியில் நடைமுறைக்கு வருகிறது. வயலில் சென்சாரும் செயற்கைக்கோள் வழிகாட்டிக் கருவியும் பெருகப் பெருக, புதிய கேள்விகளும் பெருகும்.

ஒரு விஷயத்தை மட்டும் உங்கள் மகளிடம் நீங்களே பேசுங்கள். பல நாடுகளில் விவசாய இயந்திரத்துக்கு ஒரு வரியும், பொதுவான போல்ட், பெல்ட், பேரிங் போன்றவற்றுக்கு வேறு வரியும் இருக்கும். வரி குறைவான எண்ணைப் போட்டுவிடு என்று மேலிடத்திலிருந்து அழுத்தம் வரலாம். புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு அதை மறுப்பது எளிதில்லை. உண்மையான சந்தேகம் இருந்தால் அதற்கு நேர்வழி இருக்கிறது: பொருள் வருவதற்கு முன்பே, அதற்கு எந்த எண் பொருந்தும் என்று சுங்கத் துறையிடம் முன்தீர்ப்பு கேட்கலாம். 2017இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதி ஒப்பந்தத்திலேயே இதற்கு இடம் உண்டு. இந்த வழி தெரிந்தவள் "முடியாது" என்று வெறுமனே சொல்லி நிற்க வேண்டியதில்லை. "முன்தீர்ப்பு கேட்போம்" என்று சொல்லலாம். இதைச் சொல்லும் துணிவை வீட்டிலிருந்தே அவள் எடுத்துக்கொண்டு போகட்டும்.

எதிர்காலம் குறுகியது என்றும் நினைக்க வேண்டாம். சுங்கத் தரகர் உரிமம், பெரிய நிறுவனங்களின் வர்த்தக இணக்கப் பிரிவு, ஆலோசனை நிறுவனங்கள், அரசுச் சுங்கப் பணி எனப் பாதைகள் உண்டு. பிற்பாடு சட்டமும் படித்தால், இயந்திரமும் சட்டமும் சேர்ந்து தெரிந்தவளாக அவள் நிற்பாள். அப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவு. அதேவேளை, பட்டறையில் கையில் கிரீஸ் படிய நிற்பதுதான் அவளுக்கு மகிழ்ச்சி என்றால், நாள் முழுக்க வாசிப்பும் எழுத்துமாக இருக்கும் இந்த வேலை அவளைச் சோர்வடையச் செய்யும். அதை அவளிடமே கேளுங்கள், அவள் சொல்வதை நம்புங்கள்.

சேர்வதற்கு முன் அவள் இரண்டு காரியங்கள் செய்யட்டும். ஏதாவது ஓர் அறுவடை இயந்திரத்தின் உதிரிபாகக் கையேட்டை எடுத்து, பத்துப் பாகங்களுக்குத் தானே தலைப்பு தேடி, ஒவ்வொன்றுக்கும் எந்தக் குறிப்பின்படி அங்கே வைத்தாள் என்று இரண்டு வரி எழுதிப் பார்க்கட்டும். அதில் நேரம் போனதே தெரியவில்லை என்றால் நல்ல அறிகுறி. அடுத்து, நிறுவனத்தாரிடம் நேரடியாகக் கேட்கட்டும்: சரக்கைக் கண்ணால் பார்த்து வகைப்படுத்த விடுவீர்களா, அல்லது விலைப்பட்டியலை மட்டும் வைத்தா? வகைப்பாட்டுக் காரணத்தை எழுதிவைக்கும் பழக்கம் உண்டா? கருத்து வேறுபட்டால் இறுதி முடிவு யாருடையது? முதல் இரண்டு கேள்விகளுக்குத் தெளிவான பதில் வராவிட்டால், சம்பளம் எவ்வளவு கூடுதலாக இருந்தாலும் வேறு நிறுவனத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.