பிரேக் இல்லாத விமானம்: சீப்ளேன் பழகுவது பற்றிச் சில கேள்விகள்

தண்ணீரிலிருந்து கிளம்பித் தண்ணீரிலேயே இறங்கும் விமானம்தான் சீப்ளேன். அதை ஓட்டப் பழக ஆசைப்படுகிறவர்கள் கேட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். இது என் பிழைப்பு இல்லை. சில வருடம் ஓடுபாதையில் ஓட்டிவிட்டு, ஆசைக்காகத் தண்ணீருக்குப் போனவன் நான். அதனால் வணிக விமானிகளுக்கான விஷயங்களை என்னிடம் கேட்காதீர்கள்.

என்னிடம் தனியார் விமானி உரிமம் இருக்கிறது. சீப்ளேனுக்கு மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டுமா?

வேண்டாம். விதி நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில், இருக்கிற உரிமத்தோடு ஒற்றை எஞ்சின் சீப்ளேன் தகுதியைச் சேர்க்க எழுத்துத் தேர்வு கிடையாது, இத்தனை மணி நேரம் பறந்தாக வேண்டும் என்ற கணக்கும் கிடையாது. பயிற்றுநர் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் தேர்வாளர் வாய்மொழியாகக் கேள்வி கேட்டு, கூடவே பறந்து பார்ப்பார். பெரும்பாலானவர்கள் இரண்டு மூன்று நாளில், ஐந்திலிருந்து எட்டு மணி நேரப் பறத்தலில் முடித்துவிடுகிறார்கள். கனடாவில் 7 மணி நேரப் பயிற்சி கட்டாயம், அதில் 5 தடவையாவது தனியாகக் கிளம்பி இறங்க வேண்டும்.

எனக்கு மூன்று நாள் போதும் என்றார்கள், ஆறு நாள் ஆனது. இரண்டு நாள் காற்று அதிகம், ஒரு நாள் மூடுபனி. கையில் நாள் மிச்சம் வைத்துக்கொண்டு போங்கள்.

ஒன்றை முன்னாடியே சொல்லிவிடுகிறேன். தகுதி கையில் வந்த மறுநாளே யாரும் தனியாக ஓட்ட வாடகைக்குச் சீப்ளேன் தரமாட்டார்கள். காப்பீட்டு நிறுவனங்கள் எதிர்பார்க்கும் தண்ணீர் அனுபவம் புதியவர்களிடம் இருக்காது. ரொம்ப நாள் பயிற்றுநரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பறப்பீர்கள். பலருக்கு இது பின்னால்தான் தெரியவருகிறது, மனசு விட்டுப்போகிறது.

நான் எந்த விமானமும் ஓட்டியதில்லை. நேராகச் சீப்ளேனிலேயே தொடங்கலாமா?

தொடங்கலாம். 1910 மார்ச் 28 அன்று பிரான்சில் பெர் ஏரியில், எஞ்சின் வைத்த விமானத்தைத் தண்ணீரிலிருந்து முதன்முதலாகக் கிளப்பிய ஆன்றி ஃபாப்ர், அதற்கு முன் விமானமே ஓட்டியதில்லை. சுமார் அரை கிலோமீட்டர் பறந்து பத்திரமாக இறங்கினார். அவரே அப்படித் தொடங்கியவர்தான்!

ஆனால் நடைமுறையில் நான் பரிந்துரைக்க மாட்டேன். சீப்ளேனில் மட்டும் தேர்வு கொடுத்து உரிமம் வாங்கினால் தரையில் இறங்கும் விமானத்தை ஓட்ட முடியாது, அதற்குத் தனியாகப் பழக வேண்டும். சீப்ளேன் பயிற்சி மணிக்கணக்கும் தரை விமானத்தைவிடச் செலவு கூடியது. முதலில் ஒரே ஒரு அறிமுக வகுப்பு போய்ப் பாருங்கள். ஆசை அப்படியே இருந்தால் தரையில் உரிமம் வாங்கிவிட்டு வாருங்கள்.

மிதவை விமானம், பறக்கும் படகு, ஆம்பிபியன்: என்ன வித்தியாசம்?

சாதாரண விமானத்தில் சக்கரத்தைக் கழற்றிவிட்டு இரண்டு மிதவை மாட்டினால் மிதவை விமானம். உடம்பே படகு வடிவில் இருந்து நேராகத் தண்ணீரில் உட்கார்ந்தால் பறக்கும் படகு. இரண்டில் எதுவானாலும், உள்ளிழுக்கும் சக்கரமும் இருந்தால் ஆம்பிபியன். பயிற்சிக்கு அதிகம் பயன்படுவது மிதவை மாட்டிய பைப்பர் கப், செஸ்னா 172 போன்றவை. பழக எனக்குப் பிடித்தது கப்தான். எடை குறைவு, கதவைத் திறந்துவைத்தே பறக்கலாம்.

எது கஷ்டம்? இறங்குவதா, ஏறுவதா?

இரண்டும் இல்லை. படகுத்துறைக்கு வந்து சேர்வது.

நீங்கள் தரையில் ஓட்டிய விமானத்துக்கு பிரேக் இருந்தது. இதற்கு இல்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்வரை விமானம் போய்க்கொண்டே இருக்கும். எஞ்சினை நிறுத்தினால் காற்று தள்ளிக்கொண்டு போகும். ‘சும்மா நிற்பது’ என்ற நிலையே இல்லை. இதோடு வால் ஒரு பெரிய காற்றுக்காட்டி மாதிரி வேலை செய்யும். விட்டுவிட்டால் மூக்கு தானாகக் காற்றின் பக்கம் திரும்பிவிடும். மிதவையின் பின்னால் இருக்கும் சின்னச் சுக்கான்கள் லேசான காற்றில் உதவும். காற்று பலத்தால் அவை போதாது.

அப்போது காற்றுக்கு முதுகு காட்டித் திரும்ப ஒரு தந்திரம் உண்டு. ஸ்டிக்கை (மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடி) முழுக்கப் பின்னால் இழுத்து எஞ்சினைக் கூட்டினால் மூக்கு எழும்பி, மிதவையின் பின்பக்கம் அமுங்கும். விமானம் தண்ணீரை உழுதுகொண்டு போகும். அதன் பெயரே உழவு ஓட்டம். தண்ணீர் விமானத்தைத் தாங்கும் புள்ளி பின்னால் நகர்வதால் வாலின் பிடிவாதம் குறைந்து திரும்பிவிடும். ரொம்ப நேரம் செய்யக் கூடாது. எஞ்சினுக்குக் காற்று சரியாகப் போகாமல் சூடேறும், முன்னால் ஒன்றும் தெரியாது.

அதுவும் முடியாவிட்டால் பாய்மரம்தான். நிஜமாகவே சொல்கிறேன். எஞ்சினை அணைத்துவிட்டு, காற்று பின்னோக்கித் தள்ள, இறக்கைப் பட்டைகளையும் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகைகள்) வால் சுக்கானையும் வைத்து வாலைக் கரைக்குக் குறிபார்த்துப் பின்பக்கமாகவே போய்ச் சேரலாம். முதல்முறை செய்தபோது விமானத்தை ரிவர்ஸில் ஓட்டுகிறோமே என்று சிரிப்பு வந்தது. இப்போது எனக்கு மிகவும் பிடித்த வித்தை அதுதான்.

துறையில் சேரும்போது என் முதல் தவறு, எஞ்சினைத் தாமதமாக அணைத்தது. ‘இன்னும் கொஞ்சம் போகட்டும்’ என்று விட்டேன், மிதவை மூக்கு துறையின் மரப்பலகையில் இடித்தது. சேதம் ஒன்றுமில்லை, மானம்தான் போனது. வேகம் போதாமல் நின்றுபோனால் மறுபடி சுற்றி வரலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. கூட வருகிறவர்களிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: ப்ரொப்பெல்லர் முழுதாக நிற்கும்வரை யாரும் இறங்கக் கூடாது, இறங்கினாலும் முன்பக்கம் நடக்கக் கூடாது. மிதவை மேல் நடக்கும்போது முன்னால் சில அடியில்தான் அது இருக்கிறது.

‘ஸ்டெப் மேல் ஏற்று’ என்கிறார்களே, அது என்ன படி?

மிதவையைக் கவிழ்த்துப் பார்த்தால் அடிப்பக்கத்தில், நடுவுக்குக் கொஞ்சம் பின்னால், ஒரு வெட்டு தெரியும். அதுதான் ஸ்டெப். ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகளைப் பிரிக்க எவ்வளவு பாடு என்று தெரியுமல்லவா? தண்ணீர் மிதவையையும் அப்படித்தான் பிடித்துவைக்கும். அந்த வெட்டில் காற்று புகுந்து பிடியை உடைக்கிறது.

கிளம்பும்போது நீர்ச் சுக்கானைத் தூக்கி, ஸ்டிக்கைப் பின்னால் வைத்து, முழு சக்தி கொடுப்பீர்கள். மூக்கு வானத்தைப் பார்க்கும். அது இன்னும் எழும்பாமல் நின்றதும் மெதுவாக ஸ்டிக்கை முன்னால் விட்டால், விமானம் தண்ணீருக்கு மேலே வழுக்க ஆரம்பிக்கும். அந்த நொடியில் சத்தமே மாறும். அதற்குப் பிறகு மூக்கு இருக்க வேண்டிய கோணம் மிகக் குறுகியது. அதிகம் தாழ்த்தினால் விமானம் டால்பின் மாதிரித் துள்ளத் தொடங்கும், ஒவ்வொரு துள்ளலும் முந்தியதைவிடப் பெரிதாகும். உடனே ஸ்டிக்கைக் கொஞ்சம் பின்னால் பிடியுங்கள். அடங்காவிட்டால் சக்தியைக் குறைத்து, ஸ்டிக்கை முழுக்க இழுத்து, நின்றுவிட்டு மறுபடி தொடங்குங்கள். துள்ளலுக்கு எதிராக முன்னும் பின்னும் ஆட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். கை எப்போதும் ஒரு துள்ளல் பின்தங்கியே இருக்கும்.

அலையே இல்லாத அமைதியான ஏரிதானே புதியவர்களுக்குச் சுலபம்?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன்.

கண்ணாடி போலக் கிடக்கும் நீரில் உங்கள் கண்ணுக்கு உயரமே தெரியாது. தெரிவது வானத்தின் பிம்பம். மேற்பரப்பு எங்கே இருக்கிறது என்று கணிக்க ஒரு சுருக்கம்கூட இருக்காது. பயிற்சியில், “இப்போது எவ்வளவு உயரம்?” என்று பயிற்றுநர் கேட்டார். “இருபது அடி இருக்கும் சார்” என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, மிதவை தண்ணீரைத் தொட்டுவிட்டது. கண் வேறு பக்கம் ஏமாற்றி, தண்ணீர் வந்துவிட்டது என்று நானாக மூக்கைத் தூக்கியிருந்தால், நிஜமாகவே இருபதடி உயரத்தில் வேகம் போய் விழுந்திருக்கலாம். தூக்காமலே விட்டிருந்தால் மூக்கோடு போய்க் குத்தியிருக்கலாம்.

அதனால் கண்ணாடி நீரில் பார்த்து இறங்குவதில்லை, காத்திருந்து இறங்குகிறோம். கரையை ஒட்டி, கரைக்கு இணையாக வாருங்கள். கரை மட்டும்தான் உயரத்தை உண்மையாகச் சொல்லும். தாழ்வாக வந்ததும் மூக்கை இறங்கும் கோணத்தில் வைத்து, நிமிடத்துக்கு 150 அடிக்கு மேல் இறங்காதபடி கொஞ்சம் சக்தி கொடுங்கள். பிறகு எதையும் மாற்றாதீர்கள். தொடும்வரை பொறுமை. தொட்டதும் சக்தியைக் குறைத்து, ஸ்டிக்கைப் பின்னால் பிடியுங்கள். இதற்கு நிறையத் தூரம் தேவை, சின்ன ஏரியில் முயல வேண்டாம்.

கிளம்புவதும் அங்கே சிரமம்தான், தண்ணீரின் பிடி அதிகம். ஒரு வட்டம் ஓடி உங்கள் அலையை நீங்களே உண்டாக்கிக்கொள்ளலாம். அல்லது இறக்கைப் பட்டையால் ஒரு மிதவையை மட்டும் முதலில் தூக்கினால் பாதிப் பிடி விட்டுவிடும்.

ஏரியில் ஓடுபாதையோரம் இருப்பதுபோலத் திசை காட்டும் காற்றுப் பை கிடையாதே, காற்று எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்?

தண்ணீரே சொல்லும். கரையோரம் ஒரு பட்டை மட்டும் அசையாமல் மின்னினால், காற்று அந்தக் கரையிலிருந்து வருகிறது. கரையும் மரமும் மறைப்பதால் அங்கே மட்டும் அமைதி. காற்று வலுத்தால் அது போகும் திசைக்கு இணையாக நீளக் கோடுகள் விழும். வெள்ளை நுரை அங்கங்கே தலைகாட்டினால் காற்று சுமார் 10 நாட் (மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர்) என்று வைத்துக்கொள்ளலாம், புதியவர்கள் திரும்பிப் போகலாம். நுரை ஏமாற்றும், ஜாக்கிரதை. அலை அடியில் ஓடிப்போவதால், மேலிருந்து பார்க்க நுரை காற்றை எதிர்த்து நகர்கிற மாதிரித் தோன்றும். முன்பக்கம் நங்கூரமிட்ட படகு காற்றைப் பார்த்து நிற்கும். நீரோட்டம் இருந்தால் அதையும் நம்ப முடியாது. வாத்துகளும் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், அவற்றுக்கு யாரும் கையெழுத்துப் போடவில்லை.

மிதவையில் ஓட்டை விழுந்தால் மூழ்கிவிடுமா?

உடனே மூழ்காது. ஒவ்வொரு மிதவையும் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட நீர்புகா அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இரண்டும் சேர்ந்து, விமானத்தின் முழு எடையைவிட 80 சதவீதம் அதிகம் தாங்க வேண்டும் என்பது விதி. மிதவைப் பெயரில் 2000 என்று எண் இருந்தால், ஒரு மிதவை 2000 பவுண்டு நன்னீரை விலக்கும் என்று பொருள்.

கொஞ்சம் கசிவது சகஜம். அதனால்தான் ஒவ்வொரு நாளும் பறக்கும் முன் அறை அறையாகக் கைப்பம்பால் இறைக்கிறோம். எந்த அறைக்கு எத்தனை இழுப்பு என்று எண்ணிக்கொள்ளுங்கள். நேற்று மூன்று இழுப்பில் வறண்ட அறை இன்று முப்பது கேட்டால் பறக்காதீர்கள்.

எனக்கு நீச்சல் தெரியாது. பழகலாமா?

நீச்சல் கற்றுக்கொண்டு வாருங்கள் என்பேன். அதைவிட முக்கியம், தலைகீழாகத் தண்ணீருக்குள் இருக்கும்போது வெளியே வரத் தெரிவது. சீப்ளேன் கவிழ்ந்தால் பெரும்பாலும் தலைகீழாகத்தான் கவிழும். அடி பலமாகப் படாமலே, திசை தெரியாமல் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. நீச்சல்குளத்தில் போலிக் கேபினில் உட்காரவைத்துக் கவிழ்த்துப் பழக்கும் பயிற்சி இருக்கிறது. ஒருநாள்தான், தவறாமல் போங்கள். ஒரு கையைக் கதவுப் பிடியிலோ பக்கத்தில் அசையாத ஒன்றிலோ வைத்துக்கொண்டு, ஆட்டம் நின்றபிறகே பெல்ட்டை அவிழ்க்க வேண்டும். பெல்ட்டை முதலில் அவிழ்த்தால் மிதந்துபோய் எந்தப் பக்கம் கதவு என்றே தெரியாது. காற்றடைக்கும் மிதவை அங்கியை உள்ளே வைத்து ஊதவே கூடாது. உள்ளேயே உங்களைக் கூரையில் ஒட்டிவைத்துவிடும்.

ஆம்பிபியன் வாங்கினால் இரண்டு இடத்திலும் இறங்கலாமே, பாதுகாப்பு அதிகம்தானே?

வசதி அதிகம். கூடவே ஒரு புது ஆபத்தும் வருகிறது. சக்கரத்தை உள்ளிழுத்தபடி ஓடுபாதையில் இறங்கினால் மிதவை அடி தேயும், பணம் போகும். சக்கரத்தை வெளியே விட்டபடி தண்ணீரில் இறங்கினால் கவிழ்ந்துவிடும். ஓடுபாதையிலிருந்து கிளம்பிச் சக்கரத்தை ஏற்ற மறந்து, நேராக ஏரிக்குப் போகிறவர்களுக்குத்தான் இது நடக்கிறது. ஆளே இல்லாவிட்டாலும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: “இது தண்ணீர். சக்கரம் மேலே.” கண்ணாலும் பாருங்கள், விளக்கை மட்டும் நம்பாதீர்கள். நான் இரண்டு முறை சொல்வேன், பக்கத்தில் இருப்பவர் சிரித்தாலும்.

ஏரியில் படகுகள் இருந்தால் யார் வழிவிட வேண்டும்?

நீங்கள்தான். கடல் மோதல் தவிர்ப்பு விதிகளின்படி தண்ணீர் மேல் இருக்கும் சீப்ளேன் பொதுவாக எல்லாக் கலங்களிலிருந்தும் நன்றாக விலகியிருக்க வேண்டும். படகில் இருப்பவர்கள் கையசைத்துக்கொண்டு கிட்டே வருவார்கள், அதையும் எதிர்பாருங்கள்.

கடல் நீரில் ஓட்டலாமா?

ஓட்டலாம். அன்றே நன்னீரில் முழுக்கக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் உப்பு அலுமினியத்தைத் தின்றுவிடும். ஏரிக்கு ஏரி போகிறவர்களும் மிதவையைச் சுத்தம் செய்து, உள்ளே தேங்கியதை வெளியேற்றிவிட்டுப் போகவேண்டும். ஒரு ஏரியின் பாசியையும் சிப்பியையும் இன்னொன்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நாமாக இருக்கக் கூடாது.

வயது 57. பொழுதுபோக்குக்கு இவ்வளவு பாடா? அப்படி என்ன இருக்கிறது இதில்?

மருத்துவப் பரிசோதனையில் தேறினால் வயது தடையில்லை. மிதவை மேல் நின்று கயிறு கட்டும் அளவுக்கு முட்டி ஒத்துழைத்தால் போதும்.

என்ன இருக்கிறது என்றால்... போன முறை ஏரி நடுவில் இறங்கி எஞ்சினை அணைத்தேன். ப்ரொப்பெல்லர் நின்றது. கதவைத் திறந்து மிதவையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டேன். காற்று விமானத்தை மெல்லத் தானாகத் திருப்பிக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் கரை பக்கத்தில் வந்துவிட்டது. அவசரமாக எழுந்து உள்ளே போனேன்.