பெயின்ட் கரெக்‌ஷன் என்றால் என்ன? காரின் கீறல்கள் எப்படி மறைகின்றன?

காரின் நிறத்துக்கு மேலே நிறமற்ற ஒரு பாதுகாப்புப் பூச்சு இருக்கிறது. பெரும்பாலும் 40–50 மைக்ரான் தடிமன்தான், தலைமுடியைவிட மெல்லியது. அழுக்குத் துணியால் துடைத்தால் அதில் மெல்லிய கீறல்கள் விழுகின்றன. வெயிலில் நிறுத்திப் பாருங்கள்: சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போன்ற கோடுகள் தெரியும். கீறல்களின் விளிம்புகள் ஒளியைச் சிதறடிப்பதால் வண்டி மங்கித் தெரிகிறது.

பெயின்ட் கரெக்‌ஷன் என்பது கீறலை நிரப்புவதல்ல. நுண்துகள் கலந்த பசையை இயந்திரத்தால் தேய்த்து, கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பூச்சைக் குறைப்பது. பென்சில் சீவுவது போலத்தான்: கூர்மை கிடைக்கும், பென்சில் குறையும். அதனால் ஆண்டுதோறும் செய்யாதீர்கள். நகத்தால் தடவினால் தட்டுப்படும் ஆழமான கீறலையும் விட்டுவிடுவதே நல்லது.

காரின் மேல் கூடுதலாகப் பூசும் பாதுகாப்புப் படலமான செராமிக் பூச்சு கீறலைப் போக்கும் என்று பலர் நம்புகிறார்கள். போக்காது, இருக்கும் கீறலை அப்படியே மூடி வைக்கும்.