குட்டை ஸ்கீயில் பனி கைட்டிங் தொடங்கலாமா?

வணக்கம். கைவசமுள்ள 90 செ.மீ. குட்டை ஸ்கீகளை (பனியில் சறுக்கக் காலணியில் மாட்டும் பட்டைகள்) கொண்டே பனி கைட்டிங், அதாவது கைட் எனும் பெரிய பட்டம் காற்றில் இழுக்கப் பனியில் சறுக்குவதை, பழகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பழகலாம், ஆனால் இறுகிய, சமதளமான பனியிலும் மெல்லிய காற்றிலும் மட்டுமே.

குட்டை ஸ்கீ எளிதில் திரும்பும், ஒன்றோடொன்று சிக்காது என்பது உண்மைதான். எனினும் கைட் உங்களை முன்னோக்கி மட்டும் இழுப்பதில்லை, காற்று செல்லும் பக்கமாகவும் இழுக்கிறது. அந்தப் பக்கவாட்டு இழுப்பை எதிர்த்து நிற்பது ஸ்கீயின் விளிம்பு என்பதால், விளிம்பின் நீளம் குறையக் குறையப் பிடிமானமும் குறைந்து, காற்றுக்கு எதிராக ஏறிச் செல்ல முடியாமல் அது தள்ளும் இடத்திற்கே போய்ச் சேருவீர்கள். வேகம் கூடினால் முன்முனை நடுங்கும். புதுப்பனியில் கால் புதையும்.

நான் அதிகம் அஞ்சுவது நீளத்தைப் பற்றியன்று, பைண்டிங்கை, அதாவது காலணியை ஸ்கீயோடு பிணைக்கும் பூட்டைப் பற்றியே. குட்டை ஸ்கீகள் பலவற்றில் விழும்போது காலணியை விடுவிக்காத பைண்டிங் உள்ளது. நீங்கள் விழுந்த பின்னும் கைட் இழுத்துக்கொண்டிருந்தால், திருகும் விசை முழுவதும் முழங்காலுக்கும் கணுக்காலுக்குமே போகும். உங்களுடையது அத்தகையதெனில், தாடை உயரமுள்ள, தானாகக் கழலும் பைண்டிங் கொண்ட சாதாரண ஸ்கீயை வாடகைக்கு எடுப்பதே நல்லது.

கைட் சிறியதாக இருக்கட்டும். பனியில் உராய்வு குறைவு; மேலும் காற்று மணிக்கு 20 கி.மீ.யிலிருந்து 30 கி.மீ. ஆக உயர்ந்தால் இழுவிசை ஏறக்குறைய 2.25 மடங்காகும். தலைக்கவசம் அணியுங்கள், கைட்டை உடனே கழற்றிவிடும் அமைப்பை, ஸ்கீ மாட்டாமல் நின்றபடியே, கை தானாகப் போகும்வரை இழுத்துப் பழகுங்கள்.