சாகக் கிடப்பவரிடம் சாவைப் பற்றிப் பேசலாமா?

ரங்கூனில் படுக்கையில் இருக்கும் அப்பாவிடம் உண்மையைப் பேசினால் மனம் உடைந்துவிடுவாரோ என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அவருக்கே தெரிந்திருக்கும்; உங்களுக்காகத்தான் வாயைத் திறக்காமல் இருப்பார். "உங்களுக்கு எப்படிப்பா தோணுது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். "எனக்கு அப்புறம்..." என்று அவர் ஆரம்பித்தால், "அபசகுனமாப் பேசாதீங்க" என்று அடைத்துவிடாதீர்கள். நம் வீடுகளில் இதுதான் பெரிய தொல்லை. கொடுக்கல் வாங்கல், கொள்ளி யார் வைப்பது, தமிழ்நாட்டில் இருக்கும் தங்கையிடம் போனில் பேச வேண்டுமா என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். மோஹிங்கா (பர்மிய மீன்குழம்பு நூடுல்ஸ்) ஒரு வாய் கேட்டால், விழுங்க முடிகிறதா என்று பார்த்துக் கொடுங்கள்.

நினைவு தப்பிய பிறகும் பேசலாம். கடைசி மணிநேரங்களிலும் சிலரின் மூளை ஒலிக்கு எதிர்வினை காட்டுவதை 2020இல் வெளியான கனடா ஆய்வு ஒன்று பதிவுசெய்தது. அதனால் அவர் காதுபடச் சொத்துச் சண்டை மட்டும் வேண்டாம்.