மக்சோம் வாட்ச் தன்னார்வலர்கள் சோதனைச் சாவடியில் என்ன செய்கிறார்கள்?

எபிரேயத்தில் மக்சோம் என்றால் சாவடி. 2001-இல் இஸ்ரேலியப் பெண்கள் தொடங்கிய அமைப்பு இது. இஸ்ரேல் ஆக்கிரமித்துள்ள மேற்குக் கரையின் ராணுவச் சாவடிகளிலும், பாலஸ்தீனர்களுக்கு இஸ்ரேலுக்குள் செல்ல அனுமதி தரும் பெர்மிட் அலுவலகங்களிலும் நின்று, பாலஸ்தீனர்கள் படும் பாட்டைப் பதிந்து வெளியிடுகிறார்கள்.

பெத்லகேமிலிருந்து ஜெருசலேமுக்குப் போகும் வழியிலுள்ள 300-ஆம் சாவடியில், 2023 அக்டோபரில் வேலை பெர்மிட்டுகள் பெருமளவு நிறுத்தப்படும் வரை, தொழிலாளர்கள் விடியுமுன்பே கம்பிக்கூண்டுப் பாதையில் நெருக்கியடித்து நின்றார்கள். சுழல்கதவு விட்டுவிட்டுத்தான் திறக்கும். ஆவணம் சோதிக்கும் ஜன்னல்களில் எத்தனை இயங்கின, கடைசி ஆள் கடக்க எத்தனை நிமிடம், யாரைத் திருப்பி அனுப்பினார்கள் என்று நேரத்தோடு குறித்தால்தான் 'தாமதமே இல்லை' என்ற பேச்சை மறுக்க முடியும். மின்மீட்டர் மாதிரி: மின்சாரத்தை நிறுத்தாது, ஓடியதைக் காட்டிவிடும். பெர்மிட் மறுப்புதான் கொடுமை. 'பாதுகாப்புக் காரணம்' என்பதற்கு மேல் பெரும்பாலும் விளக்கமே கிடைக்காது. அந்த மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யவும் தன்னார்வலர்கள் உதவுகிறார்கள்.

சாவடி என்றாலே எல்லையில் இருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். பல சாவடிகள் மேற்குக் கரைக்குள்ளேயே, பாலஸ்தீன ஊர்களுக்கு நடுவே இருக்கின்றன.