காலில் கட்டி: கத்தி வைக்கும் முன்

கேள்வி: என் தம்பிக்கு வயது 31. நிலக்கடலை விவசாயம். இடது உள்ளங்கால் குழியில் ஒன்றரை வருடமாக ஒரு கட்டி. வலி இல்லை, ஆனால் சமீபத்தில் பெரிதாகி எலுமிச்சை அளவுக்கு வந்துவிட்டது. "கொழுப்புக்கட்டிதான், மரத்துப்போக ஊசி போட்டு அரை மணி நேரத்தில் எடுத்துவிடலாம்" என்கிறார்கள். எடுக்கலாமா?
- ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: இப்போது வேண்டாம், அம்மா. உள்ளங்காலில் கொழுப்புக்கட்டி வருவது குறைவு. அங்கே அதிகம் வருவது பாதத்தின் அடிப்படலத்தில் முளைக்கும் நார்க்கட்டி. அதில் ஆபத்து இல்லை. ஆனால் சைனோவியல் சார்கோமா என்ற புற்றுநோயும் இளவயதினரின் பாதத்தில் வரும். அது வருடக்கணக்கில் மெதுவாக, சில சமயம் வலியே இல்லாமல் வளரும். வலி இல்லை என்பதை வைத்துத் தைரியம் கொள்ள முடியாது. "5 செ.மீ.க்குள் இருந்தால் பயமில்லை" என்ற கணக்கும் பாதத்துக்குப் பொருந்தாது.

முதலில் எக்ஸ்ரே. கட்டிக்குள் சுண்ணாம்புப் புள்ளிகள் இருக்கிறதா, எலும்பு அரித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அடுத்து அல்ட்ராசவுண்ட்: உள்ளே நீரா, சதையா என்று காட்டும். வயலில் நடப்பவர் என்பதால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். உடைந்து தங்கிய சீமைக்கருவேல முள் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, அல்ட்ராசவுண்டில் தெரியும். பழைய முள் குத்து இருந்தால் தம்பி மறக்காமல் சொல்லட்டும்.

பிறகு, படத்தில் கட்டியைத் தெளிவாகக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்தை ஊசியில் ஏற்றிய எம்.ஆர்.ஐ. அதற்கு முன் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று அறிய ரத்தத்தில் கிரியாட்டினின் பார்ப்பார்கள். மருந்து ஏற்றாமல் எடுத்தால் சில சார்கோமாக்கள் நீர்க்கட்டி போலவே தெரிந்து ஏமாற்றும். பயாப்ஸிக்கு, அதாவது கட்டியிலிருந்து துண்டு எடுத்துச் சோதிப்பதற்கு, முன்பே எம்.ஆர்.ஐ.யை முடித்துவிடுங்கள், ஊசி குத்திய இடத்து ரத்தக்கசிவு படத்தைக் குழப்பும்.

படத்தில் சந்தேகம் இருந்தால் தடித்த ஊசியால் சதைத்துண்டு எடுக்கும் பயாப்ஸி. மெல்லிய ஊசியால் உறிஞ்சும் சோதனை பல சமயம் போதாது. எந்த இடத்தில் குத்துவது என்பதை, கடைசியில் ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டரே முடிவு செய்ய வேண்டும். கட்டி சார்கோமாவாக இருந்தால் ஊசி போன பாதையையும் சேர்த்து வெட்டி எடுப்பார்கள்.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. பெயர் தெரியாமல் கிளறி எடுத்தால் புற்றுச் செல்கள் சுற்றியுள்ள திசுவில் சிதறும். மறு ஆபரேஷன் இன்னும் அகலமாகப் போகும். பாதத்தில் விட்டுக்கொடுக்க உபரிச் சதை கிடையாது; நரம்பும் தசைநாணும், சில சமயம் பாதமே போய்விடும். எம்.ஆர்.ஐ., பயாப்ஸி இரண்டும் வேலூர் சி.எம்.சி.யிலேயே செய்கிறார்கள், தொலைவு போக வேண்டியதில்லை.

கேள்வி: அப்பாவின் பாத வீக்கத்தில் ஓட்டைகள் விழுந்து, சீழோடு குருணை போல வருகிறது. இது என்ன?
- ஒரு வாசகர், ஆற்காடு

பதில்: மதுரைப் பாதமாக இருக்கலாம். பூஞ்சையோ பாக்டீரியாவோ பாதத்துக்குள் புகுந்து நாள்பட வளரும் தொற்று இது. கறுப்புக் குருணை என்றால் பூஞ்சை. வெள்ளை, மஞ்சள் என்றால் பூஞ்சையாகவும் இருக்கலாம், பாக்டீரியாவாகவும் இருக்கலாம். பாக்டீரியா என்றால் பல மாத மாத்திரையிலேயே பெரும்பாலும் அடங்கும். பூஞ்சைக்கு மாத்திரையோடு ஆபரேஷனும் தேவைப்படலாம். அதனால் குருணையைக் கழுவித் தள்ளாதீர்கள். டாக்டர் எடுக்கும் மாதிரியில் ஒரு பங்கு திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினிலும், ஒரு பங்கு கல்ச்சருக்காக (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கிருமி நீக்கிய சலைனிலும் போகிறதா என்று கேளுங்கள். முழுவதையும் ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சரில் எதுவும் வளராது.